பெயரே குற்றமான காலம்: உரோமப் பேரரசும் ஆரம்பகாலக் கிறிஸ்தவப் பிரசாரகர்களும்

கிறிஸ்தவத்தின் முதல் மூன்று நூற்றாண்டுகளைப் பற்றிப் பேசத் தொடங்கியதும் பலரது மனக்கண்ணில் தோன்றும் காட்சி ஒன்றேயாகும். அரியணையில் ஒரு கொடுங்கோலன். அவன் பிறப்பித்த தடைச்சட்டம். வேட்டையாடிப் பிடிக்கப்பட்ட விசுவாசிகள். அரங்கத்தில் பசித்த சிங்கங்கள். திரைப்படங்களும் கதைநூல்களும் இக்காட்சியை நிலைபெறச் செய்துள்ளன. இதில் உண்மை இல்லாமல் இல்லை. எனினும், வரலாற்று ஆதாரங்களை நெருங்கி நோக்கும்போது இதனினும் சிக்கலான, இதனினும் சிந்தனைக்குரிய ஒரு சித்திரம் வெளிப்படுகின்றது.

கிறிஸ்தவர்களைப் பேரரசு முழுவதிலும் ஒருசேரப் பாதித்த முதல் அரச ஆணை கி.பி. 249ஆம் ஆண்டின் இறுதியில்தான் வெளிவந்தது. அதற்கு முந்திய இரு நூற்றாண்டுகளில், இச்சமயத்தைப் பெயர் கூறித் தடை செய்த பொதுச்சட்டம் ஒன்று இருந்ததற்கு உறுதியான ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. அவ்வாறாயின், அக்காலப் பகுதியில் பிரசாரகர்கள் கசையடி பட்டதும் சிறை புகுந்ததும் தலை வெட்டுண்டதும் எதன் அடிப்படையில்? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எதிர்ப்பு முதலில் சட்டத்திலிருந்து எழவில்லை. சந்தையிலிருந்தும் வீட்டு முற்றத்திலிருந்தும் கோயில் வாசலிலிருந்தும் எழுந்தது. சட்டம் அதன் பின்னால் நடந்து வந்தது என்பதே நாம் இங்கு எடுத்துக்காட்ட முனையும் கருத்தாகும்.

உரோமரின் சமய ஒழுங்கு

உரோமர் சமய சகிப்புத்தன்மை உடையோர் என்று ஒரு சாராரும், அற்றோர் என்று மற்றொரு சாராரும் கூறுவர். இரண்டும் முழு உண்மையல்ல. உரோமரின் பார்வையில் சமயம் என்பது தனிமனித உள்ளத்தின் நம்பிக்கை பற்றிய விடயமன்று. அது மூதாதையரிடமிருந்து வந்த சடங்கு. நகரமும் குடும்பமும் இராணுவமும் தெய்வங்களோடு செய்துகொண்ட ஒப்பந்தம். பலிகள் முறையாக நிறைவேறினால் மழை பொழியும், படை வெல்லும், பிள்ளை பிறக்கும். எவரேனும் அதிலிருந்து விலகினால் தெய்வங்களின் சினம் அவர்மீது மட்டுமன்றி ஊர் முழுவதன் மீதும் இறங்கும். ஆகவே, அண்டை வீட்டுக்காரர் பலி செலுத்துகின்றாரா இல்லையா என்பது ஒவ்வொருவரின் கவலையாகவும் இருந்தது.

வெற்றி கொண்ட நாடுகளின் தெய்வங்களை உரோமர் தாராளமாக ஏற்றனர். ஆனால் இரகசியமாகக் கூடுவோரை அவர்கள் நம்பவில்லை. கி.மு. 186இல் பாக்கஸ் வழிபாட்டுக் குழுக்களுக்கு எதிராக உரோம ஆட்சி மன்றம் பிறப்பித்த ஆணை இதற்குச் சிறந்த சான்றாகும். வெண்கலத் தகட்டில் பொறிக்கப்பட்ட நிலையில் அது இன்றும் எஞ்சியுள்ளது. மன்றத்தின் சிறப்பு அனுமதியின்றி ஐந்து பேருக்கு மேல் கூடலாகாது, பொது நிதி வைத்திருக்கலாகாது, ஒருவருக்கொருவர் உறுதிமொழி எடுக்கலாகாது என அது விதித்தது. பிற்காலத்தில் கிறிஸ்தவர்கள் மீது விழுந்த ஐயத்தின் வரைபடம் ஏறக்குறைய முழுமையாக இவ்வாணையிலேயே அடங்கியிருப்பதைக் காணலாம்.

யூதர்களின் நிலை வேறு. அவர்களும் ஏக இறைவனையன்றி எவரையும் வணங்க மறுத்தனர். எனினும், அவர்களது சமயம் தொன்மையானது. ஓர் இனத்தின் மூதாதையர் மரபு. தொன்மையை மதிப்பது உரோமரின் இயல்பு. யூலியஸ் சீசர் காலம் முதலே யூதர்களுக்குச் சில சலுகைகள் வழங்கப்பட்டிருந்தன. எருசலேம் ஆலயத்தில் கி.பி. 66இன் கிளர்ச்சி வரை பேரரசரின் நலனுக்காகப் பலி செலுத்தப்பட்டு வந்தது. கிறிஸ்தவப் பிரசாரகர்களுக்கோ இவ்விரு பாதுகாப்பும் இல்லை. அவர்களது செய்தி புதியது. ஓர் இனத்துக்கு உரியதன்று. எவரையும் அவரவர் முன்னோர் வழியிலிருந்து அழைத்துச் செல்ல முயன்றது. உரோமரின் செவியில் இதைவிடப் பெரிய குற்றச்சாட்டு வேண்டியதில்லை.

தெருவிலும் சந்தையிலும்

புதிய ஏற்பாட்டின் அப்போஸ்தலர் பணிகள் என்னும் நூல் பவுலின் பயணங்களை விவரிக்கின்றது. அது விசுவாசிகளின் நோக்கில் எழுதப்பட்ட நூல் என்பதை மனத்திற்கொண்டே நாம் அதனை அணுக வேண்டும். ஆயினும், எதிர்ப்பின் சமூக வேர்களை அது வியக்கத்தக்க துல்லியத்துடன் பதிவு செய்துள்ளது.

மக்கெதோனியாவின் பிலிப்பி நகரில் குறி சொல்லும் ஓர் அடிமைப் பெண் இருந்தாள். அவளது எசமானர்கள் அதனால் நல்ல வருவாய் பெற்றனர். பவுல் அவளைப் பற்றியிருந்த ஆவியை விரட்டியதும் வருவாய் நின்றது. எசமானர்கள் பவுலையும் அவரது தோழர் சீலாவையும் சந்தைவெளிக்கு இழுத்துச் சென்று நகர அதிகாரிகள் முன் நிறுத்தினர். அங்கு அவர்கள் முன்வைத்த முறைப்பாட்டில் இழந்த வருவாய் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இவர்கள் யூதர்கள், உரோமர் ஏற்கவோ கைக்கொள்ளவோ தகாத வழக்கங்களைப் பரப்புகின்றனர் என்பதே குற்றச்சாட்டு. பணப்பை காலியானதால் எழுந்த கோபம் பண்பாட்டின் மொழியில் பேசி, சட்டத்தின் கையால் அடித்தது. இருவரும் விசாரணையின்றிப் பிரம்படி பெற்றுச் சிறையிடப்பட்டனர். பவுல் உரோமக் குடிமகன் என்பது மறுநாள் தெரிய வந்தபோது அதிகாரிகள் அஞ்சினர். ஏனெனில் தீர்ப்பின்றிக் குடிமகனை அடிப்பது உரோமச் சட்டப்படி பெருங்குற்றமாகும். அவர்கள் நேரில் வந்து சமாதானம் கூறி, ஊரைவிட்டுப் போகும்படி வேண்டிக்கொண்டனர்.

எபேசு நகரில் நடந்ததும் இவ்வாறே. அங்கு ஆர்ட்டெமிஸ் தேவியின் கோயில் பண்டைய உலக அதிசயங்களுள் ஒன்றாக எண்ணப்பட்டது. தேவியின் சிறு வெள்ளிக் கோயில்களைச் செய்து விற்ற தெமேத்திரியு என்னும் கொல்லர் தம் தொழிலாளரைக் கூட்டினார். தொழிலுக்கு வந்த ஆபத்தை முதலிலும் தேவியின் பெருமைக்கு வந்த ஆபத்தை அடுத்தும் எடுத்துக் கூறினார். கூட்டம் நகர அரங்கினுள் பாய்ந்து இரண்டு மணி நேரம் தேவியின் பெயரை முழங்கியது. அதனை அடக்கியவர் நகரச் செயலர். முறைப்பாடு இருந்தால் நீதிமன்றம் திறந்திருக்கின்றது, ஆளுநர்கள் இருக்கின்றனர், கலகம் செய்தால் உரோமுக்கு நாமே பதில் கூற வேண்டியிருக்கும் என அவர் எச்சரித்தார். இங்கே சட்டம் பிரசாரகர்களின் எதிரியாகவன்றி, கும்பலுக்கும் அவர்களுக்கும் இடையே நின்ற சுவராக இருந்தது என்பது கவனிக்கத்தக்கது.

கொரிந்து நகரில் அச்சுவர் மேலும் தெளிவாகத் தெரிகின்றது. அங்கு சில யூதர்கள் பவுலை ஆளுநர் கல்லியோவின் முன் நிறுத்தினர். இவர் தத்துவ அறிஞர் செனெகாவின் சகோதரர். டெல்பியில் கண்டெடுக்கப்பட்ட ஒரு கல்வெட்டின் துணையால் இவரது ஆட்சிக்காலம் கி.பி. 51-52 அளவில் நிர்ணயிக்கப்பட்டுள்ளது. இது குற்றச்செயல் பற்றிய வழக்கன்று, சொற்களையும் பெயர்களையும் உங்கள் சமயச் சட்டத்தையும் பற்றிய சர்ச்சை எனக் கூறி அவர் வழக்கைத் தள்ளிவிட்டார். பெயர்களைப் பற்றி விசாரிக்க நான் நீதிபதியல்லன் என்ற அந்நிலைப்பாடு நீடித்திருந்தால் பின்வந்த இரத்தத்தில் பெரும்பகுதி சிந்தப்பட்டிராது.

வீட்டுக்குள் புகுந்த பிணக்கு

தெருவினும் ஆழமான போர்க்களம் வீடாகும். உரோமக் குடும்பத்தில் தந்தையின் தெய்வங்களே மனைவி, மக்கள், அடிமைகள் அனைவருக்கும் தெய்வங்கள். அவ்வாறிருக்க, மனைவி மட்டும் தனி இறைவனை வணங்குவதும் அடிமை தன் எசமானனின் பலிச் சோற்றைத் தவிர்ப்பதும் குடும்பத் தலைவனின் அதிகாரத்துக்கே விடுக்கப்பட்ட அறைகூவலாகத் தோன்றின.

கி.பி. 178 அளவில் செல்சஸ் என்பவர் கிறிஸ்தவத்தைக் கண்டித்து ஒரு நூல் எழுதினார். மூலநூல் அழிந்துவிட்டது. அதற்கு மறுப்பு எழுதிய ஓரிஜன் அதன் பகுதிகளை எடுத்தாண்டதால் அதன் வாதங்கள் நமக்குத் தெரியவருகின்றன. கம்பளி நெய்வோர், செருப்புத் தைப்போர், துணி வெளுப்போர் ஆகிய கல்லாதவர்கள் பெரியோர் முன் வாய் திறக்கத் துணியாமல், பிள்ளைகளையும் பெண்களையும் தனியே அழைத்துத் தந்தையையும் ஆசிரியரையும் மதிக்க வேண்டாமென்று போதிக்கின்றனர் என்பது அவரது முறைப்பாடுகளுள் ஒன்று. அதில் கோபத்தோடு ஒரு வர்க்கத்தின் அச்சமும் கலந்திருக்கின்றது. இப்புதிய சமயத்தைப் பரப்பியவர்கள் பவுலைப் போன்ற பெயர்பெற்ற பயணிகள் மட்டுமல்லர். பட்டறையிலும் அடுக்களையிலும் பேசிய பெயர் தெரியாத மனிதர்களே பெரும்பாலோர் என்பதற்கும் அது எதிரியின் வாக்குமூலமாக அமைகின்றது.

இப்பிணக்கு எவ்வாறு நீதிமன்றத்தை எட்டியது என்பதை ஜஸ்டின் என்னும் கிறிஸ்தவ அறிஞர் பதிவு செய்த ஒரு வழக்கு துலக்குகின்றது. இரண்டாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் உரோம் நகரில் ஒரு பெண் கிறிஸ்தவத்தைத் தழுவினாள். கணவனின் ஒழுக்கக் கேட்டைத் திருத்த முயன்று தோற்று, இறுதியில் மணவிலக்குப் பெற்றாள். சினமுற்ற கணவன் அவள் கிறிஸ்தவள் என்று முறைப்பாடு செய்தான். தன் விவகாரங்களை ஒழுங்கு செய்துகொள்ளப் பேரரசரிடம் அவள் அவகாசம் பெற்றாள். கணவனின் கோபம் அவளது ஆசிரியரான தோலமேயுவின் மீது திரும்பியது. நூற்றுவர் தலைவன் ஒருவனைக் கொண்டு அவரைப் பிடித்து, நீ கிறிஸ்தவனா என்ற ஒரேயொரு கேள்வியை மட்டும் கேட்கச் செய்தான். அவர் ஆம் என்றார். நகர அதிகாரி உர்பிக்கஸும் அதே கேள்வியை மட்டும் கேட்டு மரணத் தீர்ப்பு வழங்கினார். விபசாரமோ கொலையோ களவோ எதுவும் நிறுவப்படாத ஒருவரைப் பெயருக்காகத் தண்டிப்பது என்ன நீதி என்று லூசியஸ் என்பவர் எழுந்து கேட்டார். நீயும் அவர்களில் ஒருவன் போலும் என்பதே அவருக்குக் கிடைத்த பதில். ஆம் என்றதும் அவரும் கொண்டு செல்லப்பட்டார். ஜஸ்டினும் கி.பி. 165 அளவில் இதே விதமாகக் கொல்லப்பட்டார்.

கி.பி. 203இல் கார்த்தேஜ் சிறையிலிருந்த பெர்பெத்துவாவின் துயரமும் இத்தகையதே. ஏறத்தாழ 22 வயதினளான அவள் கைக்குழந்தையின் தாய். தன் சிறை நாட்களைத் தானே எழுதி வைத்தாள். பண்டைய உலகில் ஒரு பெண்ணின் கையிலிருந்து நமக்குக் கிடைத்த மிகச் சில எழுத்துகளுள் அதுவும் ஒன்று. அவ்வெழுத்தில் அவளை அதிகம் வாட்டுபவர் ஆளுநரல்லர். தம் நரைத்த முடிக்கு இரங்குமாறு காலில் விழுந்து கெஞ்சும் அவளது தந்தையே. தந்தையின் கண்ணீரையும் அவள் கொல்லப்பட்ட அரங்கத்தையும் ஒரே தராசில் வைத்துப் பார்க்கும்போதுதான் இவ்வரலாற்றின் முழு எடை நமக்குப் புலப்படும்.

வதந்தியின் சட்டப் பயன்

அந்தரங்கக் கூட்டங்கள் வதந்தியை ஈன்றன. அவர்கள் ஒருவரையொருவர் சகோதரர், சகோதரி என விளித்ததனால் முறைகேடான உறவு கொள்கின்றனர் என்ற கதை பரவியது. சடங்கு உணவில் உடலையும் இரத்தத்தையும் குறிப்பிட்டதனால் குழந்தைகளைக் கொன்று உண்கின்றனர் என்றும், சிலைகளை வணங்காததனால் நாத்திகர் என்றும் பேசப்பட்டது. கி.பி. 64இல் உரோம் நகரம் தீக்கிரையானபோது நீரோ மன்னன் தன் மீது எழுந்த ஐயத்தைத் திருப்ப இவர்களைப் பலியாக்கினான். இதை எழுதும் டாசிட்டஸ் அத்தீவைப்புக் குற்றச்சாட்டை நம்பியவரல்லர். எனினும் இவர்களை வெறுத்தவர். குற்றமற்றவர் எனத் தெரிந்தும் தண்டனைக்குரியவர் எனக் கருதும் இம்மனநிலையே அடுத்த இரு நூற்றாண்டுகளின் சாபமாயிற்று. ஆற்றில் வெள்ளம் வந்தாலும் வானம் பொய்த்தாலும் பழி கிறிஸ்தவர்மீதே விழுகின்றது என்று டெர்டூலியன் கி.பி. 197இல் கசப்போடு எழுதினார்.

பிளினி எழுதிய கடிதம்

கி.பி. 112 அளவில், இன்றைய துருக்கியின் வடபுறத்திலிருந்த பித்தினியா மாகாண ஆளுநர் பிளினி பேரரசர் ட்ராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்களைப் பற்றிய உரோம நிர்வாகத்தின் மிகப் பழைய ஆவணம் இதுவேயாகும். பிளினி கற்றவர், சட்டம் தெரிந்தவர். எனினும், இத்தகைய விசாரணையில் தமக்கு முன் அனுபவமில்லை என்றே கடிதத்தைத் தொடங்குகின்றார். எதைத் தண்டிப்பது? குற்றம் எதுவும் இல்லாவிடினும் அப்பெயரையே தண்டிப்பதா, அல்லது பெயரோடு இணைந்த குற்றங்களைத் தண்டிப்பதா? இக்கேள்வியைக் கேட்டவர் அதன் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. மூன்று முறை கேட்டும் கிறிஸ்தவர் என்றே கூறியோரைக் கொல்லக் கட்டளையிட்டுவிட்டார். அவர்கள் நம்புவது எதுவாயினும் அந்தப் பிடிவாதமே தண்டனைக்குரியது என்பது அவரது நியாயம். உரோமக் குடிமக்களாயிருந்தோரைத் தலைநகருக்கு அனுப்பக் குறித்து வைத்தார்.

மறுத்தோரைச் சோதிக்க அவர் ஒரு முறை வகுத்தார். பேரரசரின் சிலைக்குச் சாம்பிராணியும் மதுவும் படைத்து, கிறிஸ்துவைச் சபிக்க வேண்டும். உண்மையான கிறிஸ்தவரை இதற்குக் கட்டாயப்படுத்த இயலாது எனக் கேள்வியுற்றதாக அவர் எழுதுகின்றார். சமயப் பணி புரிந்த இரு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்தும் விசாரித்தார். கிடைத்தது என்ன? குறித்த நாளில் விடியுமுன் கூடுகின்றனர், கிறிஸ்துவைப் போற்றிப் பாடுகின்றனர், களவு, கொள்ளை, விபசாரம், நம்பிக்கை மோசம் ஆகியவற்றைச் செய்வதில்லை என உறுதி எடுக்கின்றனர், பின்னர் கூடிச் சாதாரண உணவு உண்கின்றனர். சங்கங்களுக்குத் தடை விதிக்கப்பட்டதும் அவ்வுணவையும் நிறுத்திவிட்டனர். அத்தடையின் கடுமையை மற்றொரு கடிதத்தால் அறியலாம். நிக்கொமேதியா நகரில் 150 பேர் கொண்ட தீயணைப்புக் குழு அமைக்க பிளினி அனுமதி கேட்டபோது, எப்பெயரில் கூடினாலும் அது அரசியல் குழுவாகவே மாறும் என ட்ராஜன் மறுத்துவிட்டார்.

வெறிச்சோடியிருந்த கோயில்கள் மீண்டும் நிரம்பத் தொடங்கியதையும், வாங்குவாரின்றிக் கிடந்த பலி இறைச்சி மீண்டும் விற்பனையாவதையும் பிளினி மனநிறைவோடு குறிப்பிடுகின்றார். எபேசுவின் வெள்ளிக் கொல்லரும் பித்தினியாவின் இறைச்சிச் சந்தையும் ஒரே கதையின் இரு பக்கங்களாகும்.

ட்ராஜனின் பதில் மிகச் சுருக்கமானது. அவர்களைத் தேடிச் செல்ல வேண்டாம். குற்றம் சாட்டப்பட்டு நிரூபணமானால் தண்டிக்கவும். தெய்வங்களை வணங்கி மறுத்துக் காட்டினால் மன்னிக்கவும். பெயரில்லாக் குற்றக் கடிதங்களை ஏற்க வேண்டாம். மேலோட்டமாக நோக்கின் இது மிதமான பதிலாகத் தோன்றும். பெயரற்ற கடிதத்தைத் தள்ளியமை உண்மையில் ஒரு பாதுகாப்பே. ஹேட்ரியன் மன்னரும் ஆசிய ஆளுநருக்கு எழுதிய மடலில் பொய்க் குற்றம் சாட்டுவோரைத் தண்டிக்கப் பணித்தார். ஆனால் அடிப்படை முரண்பாடு அப்படியே எஞ்சியது. நிரபராதி போல் தேடாமல் விடப்படும் ஒருவன் குற்றவாளி போல் எவ்வாறு தண்டிக்கப்படலாம் என டெர்டூலியன் வினவினார். கொலைகாரன் இனிக் கொல்லமாட்டேன் எனக் கூறினால் விடுவிக்கப்படுவதில்லை. கிறிஸ்தவனோ மறுத்த கணமே விடுதலை பெறுகின்றான். செய்கையன்றி, அடையாளமே இங்கு குற்றமாயிற்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

இதன் நடைமுறை விளைவையும் நாம் விளங்கிக்கொள்ள வேண்டும். உரோமில் அரச வழக்குத்தொடுநர் என ஒருவர் இல்லை. தனிமனிதன் ஒருவன் முன்வந்து குற்றம் சாட்ட வேண்டும். ஆளுநர் தம் விருப்புரிமைப்படி தீர்ப்பளிப்பார். ஆகவே, ஒரு கிறிஸ்தவரின் உயிர் சட்டநூலில் அன்றி அண்டை வீட்டாரின் நல்லெண்ணத்திலேயே தங்கியிருந்தது. கடன்காரன், போட்டி வணிகன், மணவிலக்குப் பெற்ற கணவன் எவனும் அதனைப் பயன்படுத்தலாம். கி.பி. 177இல் லியோன் நகரில் கிறிஸ்தவர்கள் முதலில் குளியலிடங்களிலிருந்தும் சந்தைவெளியிலிருந்தும் விலக்கப்பட்டனர்; பின்னர் கும்பல் தாக்கியது; அதன் பின்னரே நீதிமன்றம் வந்தது. அங்கும் ஒருவர் அவர்கள் சார்பில் வாதாட அனுமதி கேட்டபோது, நீ கிறிஸ்தவனா என்பதே ஆளுநரின் பதிலாயிற்று. 90 வயதைக் கடந்த ஆயர் பொத்தினுஸ் சிறையில் மாண்டார். பிளாந்தினா என்னும் அடிமைப் பெண் அரங்கத்தில் மாண்டாள்.

எல்லா ஆளுநர்களும் இரத்த வெறியர்கள் அல்லர் என்பதையும் நேர்மையோடு கூற வேண்டும். கி.பி. 180 ஜூலை 17ஆம் நாள் கார்த்தேஜில் சிசில்லி ஊரைச் சேர்ந்த 12 பேரை விசாரித்த சதுர்னினுஸ், சிந்தித்துப் பார்க்க 30 நாள் அவகாசம் அளிக்க முன்வந்தார். அவர்கள் மறுத்தனர். அவர்களது பெட்டியில் என்ன உள்ளது எனக் கேட்டார். நூல்களும் பவுலின் கடிதங்களும் என்றனர். சுமார் 120 ஆண்டுகளுக்கு முன் சங்கிலியில் உரோமுக்குச் சென்ற ஒரு பிரசாரகரின் எழுத்து, ஆபிரிக்காவின் ஒரு சிற்றூர் மக்களின் பெட்டிவரை எட்டியிருந்தது. தடைகள் எதைத் தடுத்தன, எதைத் தடுக்கவில்லை என்பதை இக்காட்சி உணர்த்துகின்றது.

சான்றிதழின் காலம்

மூன்றாம் நூற்றாண்டில் படையெடுப்புகளாலும் உள்நாட்டுப் போராலும் பேரரசு தள்ளாடியது. தெய்வங்களின் தயவை மீட்கும் நோக்குடன் டெசியஸ் மன்னர் அனைவரும் பலி செலுத்த வேண்டுமென ஆணையிட்டார். பலி செலுத்தியோருக்கு அதிகாரிகள் சான்றிதழ் வழங்கினர். எகிப்தின் மணலில் இச்சான்றிதழ்களில் நாற்பதுக்கும் மேற்பட்டவை கிடைத்துள்ளன. ஊரும் பெயரும் எழுதி, எப்பொழுதும் தெய்வங்களுக்குப் பலி செலுத்தி வந்துள்ளேன், இப்பொழுதும் உங்கள் முன்னிலையில் செலுத்திப் பலியுணவைச் சுவைத்தேன் என மனுதாரர் கூற, அதிகாரிகள் கையொப்பமிட்டுள்ளனர். அவற்றில் கிறிஸ்தவர் என்ற சொல்லே இல்லை. எகிப்தியத் தெய்வம் ஒன்றின் பூசாரிணியும் அச்சான்றிதழைப் பெற வேண்டியிருந்தது. பிளினி ஐயத்துக்குரியோருக்கு மட்டும் வைத்த சோதனை இப்பொழுது குடிமக்கள் யாவருக்கும் உரியதாயிற்று. பலர் பணிந்தனர், பலர் கையூட்டுக் கொடுத்துத் தாளை மட்டும் வாங்கினர், சிலர் மறுத்து மாண்டனர்.

வலேரியன் 257, 258ஆம் ஆண்டுகளில் சமயத் தலைவர்களையும் சொத்துகளையும் குறிவைத்தார். கார்த்தேஜ் ஆயர் சிப்ரியன் 258 செப்டெம்பர் 14இல் தலை வெட்டுண்டார். டயோக்ளீஷியன் 303இல் தேவாலயங்களை இடிக்கவும் வேதநூல்களை எரிக்கவும் ஆணையிட்டார். கிறிஸ்தவர்கள் வழக்குத் தொடரும் உரிமையையும் பறித்தார். அவ்வாண்டு மே 19ஆம் நாள் வட ஆபிரிக்காவின் சிர்த்தா நகரில் நடந்த பறிமுதலின் பட்டியல் எஞ்சியுள்ளது. இரண்டு பொற்கிண்ணங்களுக்கும் ஆறு வெள்ளிக் கிண்ணங்களுக்கும் அப்பால், 82 பெண்கள் மேலாடைகளும் 16 ஆண்கள் மேலாடைகளும் அதில் இடம்பெறுகின்றன. இவை ஏழைகளுக்கு வழங்க வைத்திருந்தவை என்று ஆய்வாளர் கருதுகின்றனர். அரசு அதிகாரி சதிகாரரின் கிடங்கைத் தேடி, ஏழைகளின் அலமாரியைக் கண்டெடுத்தார்.

இறுதியில் 311 ஏப்ரல் 30ஆம் நாள், மரணப் படுக்கையிலிருந்த கலேரியஸ் தடையை நீக்கினார். 313இல் கான்ஸ்டன்டைனும் லிசினியஸும் எடுத்த முடிவு ஒவ்வொருவரும் தாம் விரும்பிய சமயத்தைப் பின்பற்றும் உரிமையை அங்கீகரித்தது.

முஸ்லிம் மரபில் இந்நினைவு

இவ்வரலாறு முஸ்லிம்களுக்கு அந்நியமானதன்று. சூரா அல்கஹ்ஃபில் வரும் குகைவாசிகளின் காலத்தையும் ஊரையும் குர்ஆன் பெயர் கூறிக் குறிப்பிடவில்லை. எனினும் தஃப்சீர் நூல்கள் பல அவர்களைத் துன்புறுத்திய மன்னனைத் தக்யானூஸ் எனவும் ஊரை உஃப்சூஸ் எனவும் கூறும். இவை டெசியஸும் எபேசுவுமாகும். சூரா யாசீன் கூறும் மூன்று தூதர்களின் ஊர் அந்தாக்கியா என விரிவுரையாளர் பலர் கருத, இப்னு கஸீர் அதனை ஐயுற்றார். சூரா அல்புரூஜில் வரும் நெருப்புக் கிடங்குக்காரர்களின் நிகழ்வை கி.பி. 523 அளவில் நஜ்ரான் கிறிஸ்தவர்கள் கொல்லப்பட்ட நிகழ்வோடு இணைத்துக் கூறுவோர் பலர். இறைவனை நம்பினர் என்பதைத் தவிர அம்மக்கள்மீது வேறு குற்றம் இருக்கவில்லை என்பதே அந்த அத்தியாயம் உணர்த்தும் கருத்து. பெயரைத் தண்டிக்கும் நீதியை அது ஒரே வரியில் தோலுரிக்கின்றது.

மக்காவில் குறைஷியர் முன்வைத்த வாதங்களும் மூதாதையர் வழி, குடும்பப் பிளவு என்பனவே. கஅபாவைச் சூழ்ந்த வணிகமும் அவற்றின் பின்னணியில் இருந்தது. அங்கிருந்து கி.பி. 615 அளவில் புறப்பட்ட முஸ்லிம்களுக்குப் புகலிடம் தந்தவர் கிறிஸ்தவ மன்னரான நஜ்ஜாஷி என்பதை நாம் மறத்தலாகாது. மடங்களும் தேவாலயங்களும் யூதர்களின் வழிபாட்டிடங்களும் பள்ளிவாசல்களும் தகர்க்கப்படுவது பற்றிச் சூரா அல்ஹஜ் ஒரே தொடரில் பேசுவதும் இப்பின்னணியில் ஆழ்ந்து நோக்கத்தக்கது.

வென்றோர் கையில் சட்டம்

சமயம் கட்டாயத்துக்கு உரியதன்று, தம் மனச்சான்றுப்படி வழிபடுவது மனிதனின் உரிமை என்று ஆளுநர் ஸ்கபுலாவுக்கு எழுதியவர் டெர்டூலியன். அக்கருத்து ஒடுக்கப்பட்டோரின் உதட்டிலிருந்து பிறந்தது. அதிகாரம் கைக்கு வந்ததும் அது என்னவாயிற்று?

313இன் முடிவுக்கு ஏறத்தாழ முப்பது ஆண்டுகளின் பின், பழைய கோயில்களை அழிக்குமாறு ஃபிர்மிகுஸ் மத்தெர்னுஸ் என்னும் கிறிஸ்தவ எழுத்தாளர் பேரரசர்களைத் தூண்டினார். 380இல் தியோடோசியஸ் ஒரு குறிப்பிட்ட கிறிஸ்தவக் கொள்கையையே அரச சமயமாக்கினார். 391, 392ஆம் ஆண்டுகளில் பலிகளும் கோயில் வழிபாடும் தடைசெய்யப்பட்டன. 385 அளவில் பிரிசில்லியன் என்னும் ஆயர் கிறிஸ்தவ அரசன் ஒருவனாலேயே கொல்லப்பட்டார். தூர்ஸ் நகர மார்ட்டின் அதனை எதிர்த்துக் குரல் கொடுத்தது அம்மார்க்கத்தாருக்குப் பெருமை சேர்க்கும் செய்தியாகும். 384இல் உரோமப் பிரபு சிம்மாக்குஸ், தம் முன்னோரின் பீடத்தை ஆட்சி மன்றத்தில் மீண்டும் வைக்கக் கோரி மன்றாடினார். உண்மையைச் சென்றடையப் பல வழிகள் உண்டு என்பது அவரது வாதத்தின் சாரம். ஒரு காலத்தில் கிறிஸ்தவர் பிறரிடம் கேட்ட இடத்தையே அவர் கிறிஸ்தவரிடம் கேட்டார். மிலான் ஆயர் அம்புரோஸ் மறுத்தார், கோரிக்கை தோற்றது.

388இல், இன்று சிரியாவில் ரக்கா எனப்படும் கல்லினிக்கும் ஊரில், கிறிஸ்தவக் கும்பல் ஒன்று யூதத் தொழுகைக்கூடத்தை எரித்தது. அதனை உள்ளூர் ஆயரின் செலவில் மீளக் கட்டவேண்டுமெனத் தியோடோசியஸ் நீதியோடு கட்டளையிட்டார். அம்புரோஸின் வற்புறுத்தலால் அக்கட்டளை கைவிடப்பட்டது. எபேசுவில் கும்பலுக்கும் பவுலுக்கும் இடையே நின்ற சட்டத்தின் சுவர், பவுலின் வழிவந்தோரின் வேண்டுதலாலேயே கல்லினிக்குமில் இறக்கப்பட்டது.

இது ஒரு சமயத்துக்கு மட்டும் உரிய குறை எனக் கருதி மகிழ எவருக்கும் இடமில்லை. ஒடுக்கப்பட்ட நாளில் நீதியைக் கேட்பது எளிது; ஆளும் நாளில் அதே நீதியை அளிப்பதே கடினம் என்பதை ஒவ்வொரு சமூகத்தின் ஏடுகளும் காட்டும். கல்லியோவின் நீதிமன்றத்திலிருந்து கல்லினிக்கும் வரையிலான இவ்வரலாற்றை வாசிக்கும் நாம் பவுலின் இடத்திலும் தோலமேயுவின் இடத்திலும் மட்டும் நம்மை நிறுத்திப் பார்த்தால் போதாது. பிளினியின் ஆசனத்திலும் அம்புரோஸின் பீடத்திலும் நிறுத்திப் பார்க்க வேண்டும். நம் முன் நிற்பவர் என்ன செய்தார் என்று கேட்கின்றோமா, அல்லது அவர் யார் என்று மட்டும் கேட்கின்றோமா என்பதே அங்கு நமக்குரிய வினாவாகும்.